டம்பி லெவல் ஒன்று, பெட்டியுடன்

நான் கேட்ட கேள்வி சரியானதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் சரியான கேள்வியைக் கேட்டுவிட்ட நிம்மதி மட்டும் எனக்கு வரவே இல்லை.

“உடைஞ்சு போச்சுன்னு ஒரு சர்வே ரிப்போர்ட் எழுதிட்டா முடிஞ்சுது சார்” என்றார் ஓவர்சியர். அவர் ஓய்வுபெறும் தேதி நெருங்கிக்கொண்டிருந்த நேரம். அவர் பொறுப்பில் இருந்த, மட்டம் பார்க்கும் கருவி ஒன்றைக் காணவில்லை. பொதுப்பணிக் கோட்டத்தின் கணக்கர் நான். “உடைஞ்சதை யார் சார் பார்த்தது?” என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. மேசைமேல் வைத்திருந்த பெட்டியை என் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

தேக்குப் பெட்டி. பித்தளைக் கொக்கி, மூடியின் உள்ளே லண்டன் கம்பெனி ஒன்றின் பெயர் பொறித்த தகடு. கருவி உட்காரும் பள்ளத்தில் பச்சைக் கம்பளித் துணி ஒட்டியிருந்தது. ஓரங்களைப் பூச்சி அரித்திருந்தது. பள்ளம் காலி. அவருடைய தளவாடப் பதிவேட்டில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: டம்பி லெவல் 1, பெட்டியுடன், ஸ்டாண்ட் இல்லை. ஸ்டாண்ட் இல்லை என்று யாரோ ஒருவர், ஏதோ ஒரு காலத்தில், பார்த்துத்தான் எழுதியிருக்கிறார். லெவல் இல்லாமல் போன நாளில் மட்டும் யாரும் எதையும் எழுதவில்லை.

பொதுப்பணிக் கணக்கில் வேலை பார்த்தவர்களுக்கு இதில் இருக்கும் சிக்கல் உடனே புரியும். நம் கணக்கு விதிப்புத்தகமான கோட் சாமான்களை நான்கு வகையாகப் பிரிக்கிறது: இருப்பு, தளவாடம் (கருவிகள், இயந்திரங்கள்), ரோட்டு ஜல்லி, வேலைக்கே நேரடியாகப் பற்று எழுதிய பொருட்கள். இருப்பில் உள்ள சிமெண்டுக்கும் கம்பிக்கும் அளவும் உண்டு, விலையும் உண்டு. தளவாடத்துக்கு எண்ணிக்கை மட்டும்தான். வாங்கிய அன்றே அதன் விலை செலவில் போய்விடும். அப்புறம் அந்தப் பொருள் ரூபாயாக எங்கும் தெரியாது. வெறும் ‘1’ ஆகப் பதிவேட்டில் நிற்கும். கடப்பாரையும் ஒன்று, கோணம் அளக்கும் தியோடலைட்டும் ஒன்று. முறைப்படி தள்ளுபடி செய்து நீக்கும்வரை அந்த ஒன்று ஆண்டுக்கு ஆண்டு, புத்தகத்துக்குப் புத்தகம் வந்துகொண்டே இருக்கும். வெள்ளைக்காரன் ஊருக்குப் போன பிறகும் வந்தது. அணா பைசாவெல்லாம் 1957-இல் மாறி, ராத்தலும் டன்னும் போய் கிலோ வந்த பிறகும் வந்தது.

இந்த முறையை உண்டாக்கியவர்கள் முட்டாள்கள் இல்லை. ராணுவ வாரியத்தின் கையில் இருந்த கட்டுமான வேலைகளைப் பிரித்து, டல்ஹவுசி 1854-இல் பொதுப்பணித் துறையைத் தனியாக அமைத்தபோது, பணம் போன வழியும் பொருள் போன வழியும் எழுத்தில் இருந்தாக வேண்டும் என்ற கவலை அந்த அரசாங்கத்துக்கு நிறையவே இருந்தது. 1860-இல் எட்மண்ட் டிரம்மண்ட் முதல் ஆடிட்டர் ஜெனரல் ஆனார். ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டு 1867-இல் வந்தது. கருவிகளும் இயந்திரங்களும் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்துதான் வந்தன. இங்கிருந்து இண்டென்ட், அதாவது பொருள் கேட்கும் படிவம், போக வேண்டும், லண்டனில் வாங்க வேண்டும், கப்பல் ஏற வேண்டும். இந்தியாவிலேயே கொள்முதலைக் கவனிக்க இந்தியன் ஸ்டோர்ஸ் டிபார்ட்மென்ட் என்று ஒன்று அமைந்ததே 1922-இல்தான். அப்படி வந்து சேர்ந்த ஒரு லெவல் தொலைந்தால் அடுத்த நாள் கடைக்குப் போய் இன்னொன்று வாங்கிவிட முடியாது. அணைக்கட்டோ வாய்க்காலோ, மட்டம் பார்க்காமல் வேலை நகராது. ஆகவே அந்த ‘1’ யார் பொறுப்பில் இருக்கிறது என்பது அவர்களுக்கு முக்கியம். அதன் விலை அவ்வளவு முக்கியம் இல்லை.

கோட்டக் கணக்கர் என்ற என் பதவியும் அந்தக் கவலையில் பிறந்ததுதான். உட்காருவது செயற்பொறியாளர் அலுவலகத்தில், ஆனால் ஆள் ஏ.ஜி. ஆபீஸ், அதாவது அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்து ஆள். கணக்கு எழுதுபவனும் நான், முதல் தணிக்கை செய்பவனும் நான், நிதி விஷயத்தில் பொறியாளருக்கு யோசனை சொல்பவனும் நான். அன்றைக்கு ஓவர்சியர் இந்த மூவரில் யாரிடம் பேச வந்தார் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். யோசனை சொல்பவனிடம் வந்திருப்பார். பதில் சொன்னது தணிக்கைக்காரன்.

சர்வே ரிப்போர்ட் என்பது, பொருள் பயனற்றுப் போய்விட்டது என்று அதைப் பார்த்து எழுதும் அறிக்கை. பார்த்து என்பதுதான் அதில் உயிர். ஒரு பொறியாளர் கையெழுத்துப் போட்டு, மேலே உள்ளவர் அனுமதித்து, அப்புறம் அது பழைய இரும்பாக ஏலத்துக்குப் போகும். பதிவேட்டில் ஒன்று குறையும், விஷயம் முடியும். இல்லாத லெவலை உடைந்த லெவல் என்று எழுத வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு பேர் பொய்க் கையெழுத்துப் போட வேண்டும். அதை நான் அனுமதித்திருந்தால் அடுத்த வாரம் இன்னொரு பிரிவிலிருந்து உடைந்த பம்ப்செட் ஒன்று வந்திருக்கும், அதற்குப் பெட்டிகூட இருந்திருக்காது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சந்தேகம் வேறு இடத்தில். அவர் அந்தக் காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்திருக்கவே வேண்டாம். அவருக்கு முன் இருந்தவர்கள் செய்தமாதிரி, பொறுப்பை ஒப்படைக்கும்போது எழுதும் சார்ஜ் லிஸ்டில் ‘1’ என்று எழுதி அடுத்தவர் கையில் திணித்துவிட்டுப் போயிருக்கலாம். அடுத்து வருகிற பையன் புதியவன், கேள்வி கேட்டிருக்க மாட்டான். அல்லது என்னிடம் கேட்காமலேயே சப்-டிவிஷனில் ஒரு சர்வே ரிப்போர்ட் தயார் செய்து அனுப்பியிருக்கலாம். தாள் சரியாக இருந்தால் நானும் குறிப்பு எழுதி மேலே அனுப்பியிருப்பேன், எனக்குத் தெரிந்திருக்கவே வழியில்லை. உண்மையைச் சொன்னதால்தான் மாட்டிக்கொண்டார். நம் விதியில், உடைந்தது என்று எழுதியவருக்கு ஒரு பக்கத்தில் வேலை முடிகிறது. காணவில்லை என்று எழுதியவருக்கு ஏ.ஜி.க்கு அறிக்கை, விசாரணை, விளக்கம், பிடித்தம். இந்த வித்தியாசம் தெரிந்த யார் காணவில்லை என்று எழுதுவார்கள்?

இதை யோசிக்கும்போதெல்லாம் அந்தக் காலத்துப் பதிவேடுகள்மீது இருந்த என் பிரமிப்பு கொஞ்சம் குறைகிறது. பெரியாறு அணை வேலை 1887-இல் தொடங்கி 1895 வரை நடந்தது. காட்டுக்குள், மழையில், காய்ச்சலில், அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்திலிருந்து மாட்டு வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டுபோய் சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கல் தூளும் கலந்து கட்டிய அணை. ஆற்று வெள்ளம் கட்டிய பகுதியையே அடித்துக்கொண்டு போயிருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் எத்தனை கடப்பாரை ஆற்றில் போயிருக்கும், எத்தனை மண்வெட்டி கூலியாட்களோடு ஊருக்குப் போயிருக்கும்? காணவில்லை என்று எழுத எத்தனை ஓவர்சியருக்குத் துணிச்சல் இருந்திருக்கும்? பயனற்றது, நீக்கப்பட்டது என்று அழகான கையெழுத்தில் ஒரு வரியைப் பார்த்தால், அந்தப் பொருளை யாராவது உண்மையில் பார்த்தார்களா என்றுதான் எனக்கு இப்போது தோன்றுகிறது. எல்லாம் பொய் என்று சொல்லவில்லை, எனக்கு அதற்கு ஆதாரமும் இல்லை. ஆனால் பொய் சொல்பவருக்கு வழியை எளிதாக்கி வைத்திருக்கும் ஒரு முறையில், கணக்கு நேராக இருப்பதை வைத்து மட்டும் ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். இழப்பு என்று அறிக்கை போனது. உடனே அடுத்த சிக்கல்: எவ்வளவு இழப்பு? பதிவேட்டில் விலையே கிடையாது. வாங்கிய விலை எங்கோ ஒரு வவுச்சரில் இருந்திருக்கும், அந்த வவுச்சர் எப்போதோ அழிக்கப்பட்டிருக்கும். இன்றைய சந்தை விலையைப் போட்டால் அநியாயம். பழைய காலத்து ரூபாயைப் போட்டால் தணிக்கை ஏற்காது. செயற்பொறியாளர் நல்ல மனிதர், தேய்மானம் கழித்து ஒரு தொகையைக் குறித்தார். இறுதி முடிவு வரும்வரை அந்தத் தொகையைப் பணிக்கொடையில் நிறுத்தி வைக்கலாம் என்று குறிப்பு எழுதியது நான்தான். பெரிய தொகை இல்லை. ஆனால் பாக்கி எதுவும் இல்லை என்ற நோ டியூ சர்டிஃபிகேட் இல்லாமல் கோப்பு நகரவில்லை, தொகை சின்னதென்றாலும் அது பிடித்துக்கொண்டிருந்தது முழுக் கோப்பை. ஓய்வுபெற்ற பிறகும் அவர் வந்து வந்து போய்க்கொண்டிருந்தார்.

அப்படி வந்த ஒரு நாளில்தான் கேட்டார். “சார், யார் கையிலேர்ந்து போச்சுன்னு உங்க புத்தகம் சொல்லுமா?” கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டதுபோல் இருந்தது.

சொல்லாது. கடைசியில் யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று மட்டும்தான் சொல்லும். அவர் பொறுப்பேற்றபோது கையெழுத்துப் போட்டிருக்கிறார், பார்க்காமலேயே. அவருக்கு முன்னவரும் அப்படித்தான். ஆண்டுதோறும் நேரில் சரிபார்த்தேன் என்று சான்று கொடுத்த உபகோட்ட அதிகாரிகள் வரிசையாக இருக்கிறார்கள். அத்தனை பேரும் பெட்டியை எண்ணியிருப்பார்கள், மூடியைத் திறந்திருக்க மாட்டார்கள். அப்படியானால் ஒருவருடைய பணிக்கொடையில் மட்டும் ஏன்? “நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க சார்” என்றேன். அவரும் “ஆமா” என்றார். வாங்கியவர்தான் பொறுப்பு என்பது விதி. நானாக உண்டாக்கிய விதி இல்லை.

இதே விதி காப்பாற்றியதையும் பார்த்திருக்கிறேன், அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. வேறொரு இடத்தில், சிமெண்ட் மூட்டைகள் குறைந்ததற்கு ஒரு இளம் பொறியாளர்மீது பழி விழ இருந்தது. இண்டென்ட்டில் வாங்கியவர் கையெழுத்து தெளிவாக இருந்தது, தேதியும் இருந்தது. அந்த ஒரு தாளால் அந்தப் பெண் தப்பித்தார். கையெழுத்துக்கு மதிப்பில்லை, எல்லாரும் பார்க்காமல்தான் போடுகிறார்கள் என்று ஓவர்சியருக்காக நான் விட்டுக்கொடுத்திருந்தால், அந்தப் பெண்ணின் தாளுக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்? இப்படித்தான் என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்வேன். கொஞ்ச நேரம் நிற்கும். அப்புறம் அந்த “ஆமா” ஞாபகம் வரும்.

கடைசியில் தள்ளுபடி உத்தரவு வந்தது. இழப்புக்குக் குறிப்பிட்ட எவரையும் பொறுப்பாக்க முடியவில்லை என்று அதில் எழுதியிருந்தது. நிறுத்திவைத்த தொகை திரும்பக் கிடைத்தது, வட்டி இல்லாமல். முதல் நாளே காணவில்லை என்பதோடு, கையெழுத்துப் போட்ட அத்தனை பேரின் சார்ஜ் லிஸ்ட்டையும் இணைத்து, யார்மீதும் பொறுப்பு வைக்க இயலாது என்று நானே குறிப்பு எழுதியிருக்க முடியுமா? எழுதியிருக்கலாம். மேலே ஏற்றிருப்பார்களா என்பது வேறு விஷயம். ஒருவரை மட்டும் தப்பவைக்கப் பார்க்கிறான் என்று என்மீது கேள்வி வந்திருக்கும். அதற்குப் பயந்தேனா, விதிக்குக் கட்டுப்பட்டேனா என்று கேட்டால், இரண்டும் எனக்கு அன்று ஒன்றாகவே தெரிந்தன.

சமீபத்தில் என் பின்னால் வந்த கணக்கர் ஒருவர் போன் செய்தார். ஓய்வுபெறப்போகிற ஒரு உதவிப் பொறியாளர், பதிவேட்டில் ஒரு அளவுச் சங்கிலி, ஆளிடம் சங்கிலி இல்லை. “சர்வே ரிப்போர்ட் போடச் சொல்லலாமா சார்?” என்றார். வேண்டாம், காணவில்லை என்றே எழுதச் சொல்லுங்கள், ஆனால் பணிக்கொடையில் கை வைக்காமல், கிடைக்கிற அத்தனை சார்ஜ் லிஸ்ட்டையும் சேர்த்து அனுப்புங்கள் என்றேன். பழைய லிஸ்ட்டெல்லாம் கரையான் அரித்துவிட்டது, இருப்பது கடைசி இரண்டு பேருடையது மட்டும்தான் என்றார். அப்படியானால் மறுபடியும் அந்த இரண்டு பேர் தலையில்தான் விழும். கரையான் அரித்ததையும் குறிப்பில் எழுதுங்கள் என்றேன். “எழுதினா ரெக்கார்ட் ரூமுக்கு யார் பொறுப்புன்னு கேட்பாங்களே சார்” என்றார். ஆமாம், கேட்பார்கள்.