யார்க் ஆற்றில் நான்கு நாள்

அக்டோபர் 14

1781 முற்றுகை நடந்த யார்க்டவுனைப் பார்க்க, அமெரிக்காவின் வர்ஜீனியாவில் செசபீக் விரிகுடாவிலிருந்து ஏற்ற நீரோடு பாய்மரப் படகில் யார்க் ஆற்றுக்குள் நுழைந்தோம். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நீர்மட்டம் இரண்டரை அடிதான் மாறும். ஆனால் யார்க்டவுன் முன்னால் ஆறு அரை மைலாகக் குறுகுவதால், நீரோட்டம் அங்கே நன்றாகவே இழுக்கும்.

வழியெல்லாம் நண்டுப் பொறி மிதவைகள். கயிறு படகின் உந்து விசிறியில் சுற்றினால் எஞ்சின் நின்றுவிடும். நீரோட்டம் மிதவையை எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கமாகவே கடக்க வேண்டும். கயிறு எதிர்ப்பக்கம் நீருக்கடியில் கிடக்கும்.

ஊருக்கு நேரே நங்கூரம் போடாதீர்கள். ஆழம் அதிகம், மறைப்பும் இல்லை. எதிர்க்கரை சாரா கிரீக்தான் சரி. கோல்மன் பாலத்துக்கு இப்பாலேயே இருப்பதால் பாலம் திறக்கக் காத்திருக்கவும் வேண்டாம். ஆழம் 8 அடி, நீருக்கு மேல் படகின் முகப்பு 4 அடி, ஏற்றத்துக்கு 3 அடி: மொத்தம் 15. அதை ஏழால் பெருக்கி 105 அடி நங்கூரக் கயிறு விட்டோம். முகப்பு உயரத்தைச் சேர்க்க மறப்பதால்தான் பலருடைய நங்கூரம் இரவில் இழுபடுகிறது.

அக்டோபர் 15

காற்று அடங்கியிருந்ததால் படகை ஊர்த்துறைக்கே கொண்டுவந்து கட்டினோம். நீரோட்டத்தை எதிர்த்து மெதுவாக அணைவதே பாதுகாப்பு. இந்தத் துறை ஆற்றுக்குத் திறந்தே கிடப்பதால், படகு துறையில் மோதாமல் காக்கும் ஃபெண்டர்களைக் கூடுதலாகத் தொங்கவிட வேண்டும்.

நேரம் குறைவென்றால் 9, 10ஆம் எண் மண்கோட்டைகளுக்கு மட்டுமாவது போய்விடுங்கள். அமெரிக்க விடுதலைப் போரில், பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸின் படையை அமெரிக்கர்களும் பிரெஞ்சுக்காரர்களும் இந்த ஊரில் முற்றுகையிட்டார்கள். 1781 அக்டோபர் 6 இரவில் முற்றுகையிட்டவர்களில் 1,500 பேர் ஊரை நெருங்குவதற்கான முதல் அகழியை வெட்டினார்கள். 11ஆம் தேதி இரண்டாவதைத் தொடங்கினார்கள். அதை ஆற்றங்கரை வரை நீட்ட பிரிட்டிஷாரின் இந்த இரண்டு மண்கோட்டைகளும் தடை. 14 இரவு 9ஆம் எண்ணைப் பிரெஞ்சுக்காரர்களும் 10ஆம் எண்ணை அலெக்ஸாண்டர் ஹாமில்டன் தலைமையில் அமெரிக்கர்களும் தாக்கினார்கள். பக்கத்துக்கு 400 பேர். தவறி ஒரு துப்பாக்கி வெடித்தாலும் காரியம் கெடும் என்பதால் அமெரிக்கர்கள் துப்பாக்கியில் மருந்து நிரப்பவே இல்லை.

9ஆம் கோட்டையின் சரிவிலிருந்து கூரிய மரக்கழிகள் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கின்றன, மீட்டமைத்தவை. அருகில் நின்று பாருங்கள்: நெஞ்சுக்கு நேரே வரும். வெளித்தடையை வெட்டி வழி விடும்வரை பிரெஞ்சுப் படை காத்திருந்தது; 15 பேர் இறந்தார்கள். அமெரிக்கர்கள் காத்திராமல் நுழைந்தார்கள். 9 பேர் இறந்தார்கள். 10ஆம் கோட்டையின் பெரும்பகுதியை ஆறு அரித்துக்கொண்டு போய்விட்டது. மிச்சம் செங்குத்தான கரையின் விளிம்பில் இருக்கிறது, ஓரத்துக்குப் போகாதீர்கள்.

ஊரைச் சுற்றியுள்ள பிரிட்டிஷ் மண்ணரண்களை 1862 உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படை உயர்த்திக் கட்டியது. கண்ணில் படும் உயரம் கார்ன்வாலிஸ் காலத்தது அல்ல.

அக்டோபர் 16

கொண்டல் கிளம்பியது. கிழக்கிலிருந்து வரும் காற்று வற்ற நீரை எதிர்க்கும்போது இங்கே அலை குட்டையாக, செங்குத்தாக எழும்பி முகப்பை அறையும். விடியுமுன் சாரா கிரீக்குக்குத் திரும்பிவிட்டோம்.

இதே நாள் இரவில்தான் கார்ன்வாலிஸ் தன் படையைப் படகுகளில் எதிர்க்கரையிலுள்ள குளோஸ்டர் பாயின்ட்டுக்குக் கொண்டு சேர்த்துத் தப்பப் பார்த்தார். முதல் தொகுதி கரை சேர்ந்தது. நள்ளிரவு வாக்கில் புயல் அடித்துப் படகுகளை ஆற்றோடு கீழே தள்ளியது. கடல்வழி உதவி ஏற்கெனவே அடைபட்டிருந்தது: செப்டம்பர் 5 அன்று விரிகுடா வாயிலில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி டி கிராஸின் 24 கப்பல்கள் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி கிரேவ்ஸின் 19 கப்பல்களைத் தடுத்துவிட்டன. அகழிகளை மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்த முற்றுகையில் பாதிதான் புரியும். மறுபாதி இந்த அரை மைல் தண்ணீரில் இருக்கிறது.

அக்டோபர் 17

மதியத்துக்குள் காற்று தணிந்தது. ஒப்பந்த விதிகளைப் பேசி முடித்த மூர் வீட்டையும் சரணடைந்த வயலையும் பார்த்தோம். 19ஆம் தேதி சரணடையும் சடங்குக்கு, உடல்நலமில்லை என்று சொல்லி கார்ன்வாலிஸ் வரவில்லை. வாளுடன் வந்தவர் அவருக்கு அடுத்த நிலைத் தளபதி ஓ'ஹாரா. பதினோரு ஆண்டு கழித்துத் திப்புவிடமிருந்து திண்டுக்கல்லையும் பாராமகாலையும் பறித்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை இதே கார்ன்வாலிஸுடையது. சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் நிற்கும் சிலையும் அவருடையதுதான்.

நாளை வற்றம் தொடங்கும் நேரத்தில் நங்கூரம் எடுக்கிறோம். காற்று மேற்கிலிருந்து வீசத் தொடங்கினால் பாய் மட்டுமே போதும். கிழக்கிலிருந்தே வீசினால் ஏற்றம் வரும்வரை காத்திருப்போம்.