கூட்டணுமா, கழிக்கணுமா டீச்சர்?

மூன்றாம் வகுப்பில் வாக்கியக் கணக்கு (கதை போல எழுதிய கணக்கு) கொடுத்தால் முதலில் வரும் கேள்வி இதுதான். கணக்கைப் பாதிகூடப் படித்திருக்க மாட்டார்கள், அதற்குள் அதிலுள்ள இரண்டு எண்களையும் நோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிட்டு, என்ன குறி போடுவது என்று என் முகத்தைப் பார்ப்பார்கள்.

இந்தப் பழக்கத்தைக் கொடுத்ததில் எனக்கும் பங்கு உண்டு. வேலைக்கு வந்த புதிதில், 'மொத்தம்', 'அதிகம்' வந்தால் கூட்டு, 'மீதி', 'குறைவு' வந்தால் கழி என்று பெரிய சார்ட்டில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். பிள்ளைகளும் மளமளவென்று போட்டார்கள். அப்புறம் ஒருநாள் இந்தக் கணக்கைக் கொடுத்தேன்: அக்காவிடம் 12 பென்சில்கள் உள்ளன. இது தம்பியிடம் இருப்பதைவிட 5 அதிகம். தம்பியிடம் எத்தனை? கிட்டத்தட்ட எல்லா நோட்டிலும் 17. ஏன் என்று கேட்டதும் ஒரு சிறுமி எழுந்து சுவரைக் காட்டினாள். "'அதிகம்'னு இருக்கே டீச்சர்." நான் சொல்லிக்கொடுத்ததை அவள் அப்படியே செய்திருந்தாள். அன்று சாயங்காலமே சார்ட்டைக் கழற்றிவிட்டேன்.

மறுநாள் எண்களை அழித்துவிட்டு, கதையை மட்டும் போர்டில் எழுதி, யாரிடம் நிறைய இருக்கிறது என்று கேட்டேன். அக்காவுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று என இரண்டு பட்டை வரையச் சொன்னேன், நிறைய இருப்பவருக்கு நீளமான பட்டை. அதே சிறுமி முதலில் தம்பியின் பட்டையைத்தான் நீளமாக வரைந்தாள். திரும்ப வாசித்தாள், 'இருப்பதைவிட' என்ற இடத்தில் விரல் நின்றது, அழித்துவிட்டு அக்காவின் பட்டையை நீட்டினாள். அந்த முழுப் பட்டைக்கு 12, மிச்சம் நீண்டிருந்த துண்டுக்கு 5 என்று எழுதியதும், 7 தானாக வந்துவிட்டது.

எண்ணைப் பார்த்ததும் கைவைக்கும் வழக்கம் எங்கும் உண்டு. 1980 வாக்கில் பிரான்ஸின் கிரெனோபிளில், ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன, கப்டனின் வயது என்ன என்று கேட்டபோது, பெரும்பாலான பிள்ளைகள் அந்த எண்களை வைத்தே ஒரு வயதைச் சொல்லிவிட்டார்கள்! இதை என் வகுப்பிலும் கொடுத்துப் பார்ப்பேன். 'இதுக்கு விடையே இல்ல டீச்சர்' என்று சொல்லும் தைரியம் வருவதற்குச் சில வாரங்கள் ஆகின்றன.

கணக்கைத் தீர்ப்பதற்குக் கணித அறிஞர் ஜார்ஜ் போலியா 1945-இல் எழுதிய நான்கு படிகளில் (புரிந்துகொள், வழி யோசி, செய், திரும்பிப் பார்) கடைசிப் படிதான் சின்னப் பிள்ளைகளிடம் எடுபடுவதே இல்லை. விடை வந்ததும் நோட்டை மூடிவிடுவார்கள். அதனால் விடையைக் கதைக்குள் போட்டு உரக்க வாசிக்க வைக்கிறேன். ஒரு பெஞ்சில் 4 பேர் என்றால் 31 பேருக்கு எத்தனை பெஞ்சு? "7 பெஞ்சு, மீதி 3" என்று வாசித்துவிட்டு ஒரு பையன் தயங்கினான். "அந்த மூணு பேரும் எங்க உட்காருவாங்க?" என்று அவனே கேட்டுவிட்டு 8 என்று திருத்தினான்.

இப்படிச் செய்தால் ஒரு பீரியடில் பத்துக் கணக்கு முடிவதில்லை, மூன்றுதான் முடிகிறது. சரி, பரவாயில்லை. வேகமாகப் போடும் பிள்ளைகளுக்குப் பட்டை வரைய அலுப்பு. மனசிலேயே வந்துவிடுகிறது என்பார்கள். சின்ன எண்ணுக்கு அது உண்மைதான், நானும் வற்புறுத்துவதில்லை. கூட்டிவிட்டுக் கழிப்பது போன்ற இரண்டு படிக் கணக்கு வரும்போது அவர்களாகவே பென்சிலை எடுக்கிறார்கள்.