இஞ்சி ஊறல்

மார்ச் 14

பெங்களூரில் மச்சான் கூட்டிப்போன கடையில், அங்கேயே தொட்டியில் நொதிக்கவைத்த பீரைக் குடித்துவிட்டு வந்ததிலிருந்து ஒரே யோசனை. வீட்டில் ஐந்து லிட்டர் போட்டுப் பார்த்தால் என்ன? ரெண்டு நாளாகப் படிக்கிறேன். முளைகட்டிக் காயவைத்த பார்லியை உடைத்து, 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகிவிடும். அந்தச் சாற்றைக் கசப்புக்கு ஹாப்ஸ் பூவோடு கொதிக்கவிட்டு, ஆறியதும் சர்க்கரையை ஆல்கஹாலாக்கும் ஈஸ்ட். இதில் பாதி எங்கள் அப்பத்தாவுக்குத் தெரிந்த வேலைதான். முளைகட்டிய கேழ்வரகு மாவில் கஞ்சி காய்ச்சினால் கெட்டியாகாமல், லேசாக இனிக்குமே, அதுவும் இதே சங்கதி.

மார்ச் 15

ஆசையில் மண். தமிழ்நாட்டில் 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரித்தால் குற்றம். கடையில் போய் வாங்கலாம், நாமே காய்ச்சக் கூடாது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை, ஆனால் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து வாதாடும் தைரியமும் இல்லை.

தைரியம் இருந்தாலும் வெயில் விடாது. ஏல் என்கிற பீர் வகைக்குப் போடும் ஈஸ்டுக்கு 20 டிகிரி பக்கம் இருந்தால்தான் நிம்மதி. மதுரை வில்லாபுரத்தில் எங்கள் மாடி அறை ராத்திரியிலேயே 30.

சரி, இஞ்சியும் சர்க்கரையும் நொதித்து நுரைக்கும் இஞ்சி பீர் போடலாம். பேரில் மட்டும்தான் பீர்.

மார்ச் 16

அண்ணா நகர் உழவர் சந்தையில் கால் கிலோ இஞ்சி வாங்கினேன். 1999ல் திறந்த, தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை இதுதான். மண் ஒட்டிய இஞ்சியாகப் பார்த்து எடுத்தேன், ஏனென்றால் முதலில் ஜாடியில் வளர்க்க வேண்டிய ஈஸ்ட் இருப்பது தோலில்தான். மண்ணை மட்டும் அலசிவிட்டு, தோலோடு துருவி ரெண்டு ஸ்பூன், சர்க்கரை ரெண்டு ஸ்பூன், தண்ணீர் ரெண்டு டம்ளர். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும் என்பதால் கொதிக்கவைத்து ஆறவைத்தேன். ஜாடிக்கு வெள்ளைத் துணி கட்டியாச்சு. தினமும் இஞ்சி ஒரு ஸ்பூன், சர்க்கரை ஒரு ஸ்பூன் போட வேண்டும்.

அப்பத்தா எட்டிப் பார்த்து, "ஏண்டா, ஊறல் போடுறியா?" என்றது. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

மார்ச் 18

படித்த குறிப்புகளில் நுரைக்க ஐந்து நாள் ஆகும் என்று போட்டிருந்தது. மதுரை வெயிலுக்கு ரெண்டே நாள்! ஜாடியில் காது வைத்தால் சொய்ங் என்று சத்தம்.

மார்ச் 19

ரெண்டு லிட்டர் தண்ணீரில் இஞ்சி தட்டிப் போட்டு, 150 கிராம் சர்க்கரையோடு கொதிக்கவைத்து, நன்றாக ஆறியபின் ரெண்டு எலுமிச்சை பிழிந்து, ஜாடித் தண்ணீர் ஒரு டம்ளர் வடிகட்டி ஊற்றினேன். சூட்டோடு ஊற்றினால் ஈஸ்ட் செத்துப்போகும். மூன்று பிளாஸ்டிக் சோடா பாட்டில், ஒரு கண்ணாடி பாட்டில். கண்ணாடி எதற்கு? போட்டோவில் அழகாக இருக்குமே என்றுதான்.

மார்ச் 21

ராத்திரி ரெண்டரைக்கு டமார். பூனை எதையோ தள்ளிவிட்டது என்று நினைத்துக்கொண்டு போனால், சமையலறை முழுக்க இஞ்சி வாசனை, காலடியில் சில்லு. கண்ணாடி பாட்டில் வெடித்து ஒரு துண்டு அரிசி டப்பா வரைக்கும் போயிருக்கிறது. பகலில் வெடித்திருந்தால் அப்பத்தா அங்கேதான் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும். நினைத்தாலே கை நடுங்குகிறது.

பிளாஸ்டிக் பாட்டில் மூன்றும் கல் மாதிரி இறுகியிருந்தன. அமுக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும், அதற்குத்தான் பிளாஸ்டிக். இறுகிய உடனே ஃபிரிட்ஜுக்குப் போயிருக்க வேண்டும். நான் ஒரு நாள் தாமதம். கோலி சோடா பாட்டிலில் கோலியைக் கழுத்தோடு அழுத்திப் பிடித்து வைத்திருப்பதும், ஈஸ்ட் விடும் இதே கரியமில வாயுதான். ஆனால் அந்தக் கண்ணாடி எவ்வளவு தடிமன்!

மார்ச் 22

குளிரவைத்து, மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகித் திறந்தேன். நுரை பரவாயில்லை, காரம் நாக்கில் நின்றது, இனிப்புதான் போதவில்லை, ஈஸ்ட் தின்றுவிட்டது. தின்ற சர்க்கரையில் கொஞ்சம் ஆல்கஹாலும் ஆகியிருக்கும் என்பதால் அக்கா பிள்ளைகளுக்குக் கொடுக்கவில்லை.

அப்பத்தா ஒரு வாய் குடித்துவிட்டு, "அழகர் எறங்குறப்போ குடுக்குற பானகத்த மறந்து வச்சா இப்படித்தான் ஆகும். வெல்லம் போடாம சீனியப் போட்டிருக்க" என்றது. பானகத்தில் சுக்கு, எலுமிச்சை, வெல்லம். யோசித்தால் சரக்கு ஏறக்குறைய அதேதான்.

அடுத்த தடவைக்கு மண்டை வெல்லம் வாங்கணும். இஞ்சி ஜாடி இப்போது ஃபிரிட்ஜில், இட்லி மாவுக்குப் பக்கத்தில். வாரம் ஒரு தடவை தீனி போட்டால் போதும்.