எடை மிஷினும் இரவு மாத்திரையும்

மெடிக்கல் ஷாப் கவுன்டருக்கு உள்பக்கம் நிற்பவர்களுக்கு ஒன்று தெரியும். டாக்டரிடம் சொல்லாததை ஜனங்கள் எங்களிடம் சொல்லிவிடுவார்கள். டாக்டர் அறையில் கேட்க நினைத்தது பாதி தொண்டையிலேயே நின்றுவிடும், வெளியே அவ்வளவு கூட்டம். இங்கே நாங்கள் அட்டையை வெட்டி, கவரில் போட்டு, சில்லறை தேடுகிற நேரத்தில் அது வெளியே வரும்.

காவேரிப்பட்டணத்துப் பக்கம் நான் மருந்தாளுநராக இருக்கும் கடையில் மனச்சோர்வுக்கு மாத்திரை வாங்குகிறவர்களில் உள்ளூர்க்காரர்கள் குறைவு. பாலக்கோட்டிலிருந்தும் போச்சம்பள்ளியிலிருந்தும் பஸ் ஏறி வருவார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் கிருஷ்ணகிரிக்கோ பர்கூருக்கோ போய் வாங்குவார்கள். பிரஷர் மாத்திரைக்கு இந்த ஒளிவுமறைவு கிடையாது. 2021 ஆகஸ்ட் 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை இதே மாவட்டத்து சாமனப்பள்ளியில்தான் தொடங்கி வைத்தார்கள். அதன்பிறகு பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடியே வருகிறது, திண்ணையில் உட்கார்ந்து ஊரே பார்க்க வாங்கிக்கொள்கிறார்கள். மனசுக்கான மாத்திரைதான் முந்தானை முடிச்சிலும் பர்ஸின் உள்ளறையிலும் போகிறது.

புதிதாக வாங்குகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் மூன்று கேள்விகள். "இது தூக்க மாத்திரையா?" "சாப்பிட்டா பழகிடுமா?" மூன்றாவதைக் குரலைத் தணித்துக்கொண்டு கேட்பார்கள்: "உடம்பு போடுமா?" முதல் இரண்டுக்கும் பதில் கிடைத்தால் சமாதானமாகிவிடுவார்கள். மூன்றாவது அப்படி இல்லை. அதற்கு நாம் என்ன சொன்னாலும், பதிலை எங்கள் கடை வாசலில் இருக்கும் எடை மிஷினில் அவர்களே தேடிக்கொள்வார்கள்.

மாங்கூழ் ஆலை ஒன்றில் கணக்கு எழுதும் பெண் ஒருத்தி, முப்பத்தைந்து வயது இருக்கும். பிள்ளை பிறந்த பிறகு தூக்கமே போய், சாப்பாடு இறங்காமல், சும்மா உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவள். மிர்டாசபின் என்ற மனச்சோர்வு மாத்திரையை 15 மில்லிகிராம் இரவில் டாக்டர் எழுதியிருந்தார். மூன்று வாரத்தில் தூக்கம் வந்துவிட்டது. அதோடு பசியும் வந்துவிட்டது. ராத்திரி பத்து மணிக்கு மேல் அடுப்படிக்குப் போய், மிஞ்சிய சோற்றில் தயிர் ஊற்றிச் சாப்பிட்டால்தான் படுக்க முடிகிறது என்பாள்.

மிஷினில் ஏறும்போது அவள் செய்வதைப் பார்க்க வேண்டும். செருப்பைக் கழற்றுவாள், செல்போனை எங்கள் கவுன்டரில் வைப்பாள், வளையலைக்கூடக் கழற்றிப் பார்த்திருக்கிறாள். ஆரம்பத்தில் 52 கிலோ, சில மாதத்தில் 61. மாமியாருக்கு ஒரே சந்தோஷம். "இப்பத்தான் மருமவ பாக்க லட்சணமா இருக்கா" என்று தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தாராம். இவளுக்கு ஜாக்கெட் ஒன்றும் நுழையவில்லை, படியேறினால் மூச்சு வாங்கியது.

"அக்கா, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கிட்டு இருக்கேன். டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க."

"எத்தனை நாளாம்மா?"

"போன மாசத்துல இருந்து. நடுவுல தூக்கம் வரலை, தலை கிறுகிறுன்னு வந்துச்சு. அப்ப ரெண்டு நாள் சேர்த்துப் போட்டேன்."

இதுதான் விஷயமே. எடை ஏறுவதை யாரும் பக்கவிளைவு என்று டாக்டரிடம் போய்ச் சொல்வதில்லை. உயிரைக் காப்பாற்றிய மருந்தைப் போய் ஜாக்கெட்டுக்காகக் குறை சொல்வதா என்ற வெட்கம். அதனால் பேசாமல் மாத்திரையைக் குறைத்துக்கொள்கிறார்கள். திடீரென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரும். பராக்செடின், வென்லாஃபாக்சின் மாதிரி சிலவற்றில் மண்டைக்குள் ஷாக் அடித்த மாதிரிகூட இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, "பாத்தியா, பழகிடுச்சு" என்று பயந்து மொத்தமாக நிறுத்துகிறவர்களும் உண்டு.

மிர்டாசபின் ஏன் பசியைக் கிளப்புகிறது என்பதற்கு மருந்தியல் பாடத்தில் பதில் இருக்கிறது. மூளையில் ஹிஸ்டமின் என்ற ரசாயனம் நம்மை விழிப்பாக வைக்கும், பசியையும் அடக்கி வைக்கும். அது உட்காரும் இடத்தை இந்த மருந்து அடைத்துவிடுகிறது. போதாததற்கு, வயிறு நிறைந்தது என்று சொல்கிற செரட்டோனின் வழி ஒன்றையும் மறிக்கிறது. தூக்கம் வருவதும் பசி வருவதும் பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். அமிட்ரிப்டிலினும் ஹிஸ்டமினை இதே மாதிரி மறிக்கும். 1961-லிருந்து புழக்கத்தில் இருக்கும் பழைய மருந்து அது. இன்றைக்கும் ஒற்றைத் தலைவலிக்கும், சர்க்கரைக்காரர்களின் கால் எரிச்சலுக்கும் 10 மில்லிகிராம் எழுதிக் கொடுப்பார்கள். வாங்குகிறவருக்கு அது மனச்சோர்வு மருந்தின் சிறிய அளவு என்று தெரியாது. அதில் வாய் வேறு வறளும். மாம்பழ சீசனில் இந்தப் பக்கம் வாய் வறண்டால் என்ன குடிப்பார்கள்? பாட்டில் ஜூஸ், ரோஸ் மில்க், கலர் சோடா. மாத்திரை ஏற்றுவதைவிட அந்தச் சர்க்கரை சத்தமில்லாமல் ஏற்றிவிடும். வெறும் தண்ணீர், உப்புப் போட்ட மோர் போதும் என்று நான் கவரிலேயே எழுதித் தருவேன்.

இதே கவுன்டரில் இன்னொரு கூட்டம் வரும். "உடம்பு வைக்கிற மாதிரி ஒரு மாத்திரை குடுங்க." கல்யாணம் நிச்சயமான பெண்ணின் அம்மா, பெண் பார்த்துவிட்டு "பையன் ஒல்லியா இருக்கான்" என்று கேட்டுவிட்டு வந்த அப்பா. அவர்கள் கேட்பது சைப்ரோஹெப்டடின். அலர்ஜி மருந்து, அதுவும் ஹிஸ்டமினைத்தான் மறிக்கிறது. சில இடங்களில் அதோடு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டையும் சேர்த்துக் கொடுத்து முகத்தை உப்ப வைக்கிற அநியாயமும் நடக்கிறது. சீட்டு இல்லாமல் நான் தர மாட்டேன், திட்டு வாங்கியிருக்கிறேன். வேடிக்கை என்னவென்றால், ஒரு பெண் எந்த விளைவுக்கு அழுகிறாளோ அதையே இன்னொருத்தி காசு கொடுத்துக் கேட்கிறாள், சில நாள் பத்து நிமிட இடைவெளியில்.

ராயக்கோட்டை மலைப்பக்கத்திலிருந்து ஒரு ஆயா பேரனோடு வரும். புருஷன் போனபிறகு களியையே தொடாமல் கிடந்து, 38 கிலோவுக்கு இறங்கிவிட்டதாம். அதற்கும் மிர்டாசபின்தான், பாதி மாத்திரை. இப்போது 43. பேரன் எண்ணை வாசித்துச் சொன்னால் ஆயாவுக்குப் பல்லில்லாத வாய் முழுக்கச் சிரிப்பு. அதன் கணக்கில் இது சத்து மாத்திரை. "சாமி, பக்கத்து வூட்டுக்காரியும் காஞ்சிபோய்க் கெடக்கிறா, அவளுக்கும் ரெண்டு குடு" என்று ஒருமுறை கேட்டது. அவருக்கு வேறு ஏதாவது நோய் இருக்கும், முதலில் டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல்லு என்றேன். மனசில்லாத மாதிரி தலையை ஆட்டியது.

ஆயாவுக்கு ஏறிய எடை மருந்தின் பக்கவிளைவா, நோய் விட்டதன் அடையாளமா? மனச்சோர்வே பலருக்குப் பசியைக் கொன்று எடையை இறக்கும். சிலருக்கு நேர்மாறாகத் தின்னவும் தூங்கவும் வைக்கும். குணமாகும்போது, இழந்த எடை திரும்புவது நல்ல சேதி. அதனால் மாத்திரை ஆரம்பித்த அன்று எடை பார்க்காமல், ஆறு மாதம் கழித்து "ஏறிடுச்சு" என்றால் எதிலிருந்து ஏறியது என்று யாராலும் சொல்ல முடியாது. உடம்பு நன்றாக இருந்த காலத்தில் என்ன எடை என்பதும் தெரிய வேண்டும்.

எல்லாப் பழியையும் ஒரே மாத்திரை மேல் போடுவதும் நடக்கும். ஓசூரில் ஷிப்டு வேலை பார்க்கும் தம்பி ஒருவன் எஸ்சிட்டலோப்ராம் என்ற மனச்சோர்வு மாத்திரையைத் திட்டிக்கொண்டே வந்தான், பேன்ட் இரண்டு சைஸ் ஏறிவிட்டதாம். சீட்டை வாங்கிப் பார்த்தால், கீழே தூக்கத்துக்கென்று ஓலன்சபின் 5 மில்லிகிராம் இருந்தது. ஓலன்சபின் மனச்சோர்வு மருந்தே கிடையாது, வேறு வகை. எடையும் சர்க்கரையும் ஏற்றுவதில் அதற்குப் பக்கத்தில் நிற்க எஸ்சிட்டலோப்ராமால் முடியாது. அதோடு நடுராத்திரி இரண்டு மணிக்கு கேன்டீன் பரோட்டா. "தம்பி, சின்ன மாத்திரைன்னு நினைச்சியே, அதுதான்ப்பா. ஆனா நீயா நிறுத்தாதே, சீட்டு எழுதினவர்கிட்ட இதைக் கேளு" என்றேன். இன்னொரு டீச்சரம்மாவுக்கு விசாரித்ததில் தைராய்டு. எடை, அசதி, மனம் சோர்ந்து கிடப்பது எல்லாமே தைராய்டு குறைந்தாலும் வரும். டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை ஒன்று எடுத்தால் தெரிந்துவிடும்.

எந்த மாத்திரை எவ்வளவு ஏற்றும் என்பதற்கு ஆய்வு இல்லாமல் இல்லை. 2024-ல் அமெரிக்காவில் 1.83 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை எடுத்து, எட்டு மனச்சோர்வு மருந்துகளை ஒப்பிட்டார்கள். ஆறு மாத முடிவில், செர்ட்ராலின் சாப்பிட்டவர்களைவிட எஸ்சிட்டலோப்ராம், பராக்செடின், டுலோக்செடின் சாப்பிட்டவர்களுக்குச் சராசரியாக அரைக் கிலோவுக்கும் குறைவாகத்தான் கூடுதல். ப்யூப்ரோபியான் சாப்பிட்டவர்களுக்கு செர்ட்ராலினைவிடக் கிட்டத்தட்ட கால் கிலோ குறைவாகவே ஏறியிருந்தது. அது வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆகாது, எங்கள் பக்கத்துக் கடைகளில் அதிகம் புழங்குவதும் இல்லை. ஃப்ளூவாக்செடின் ஆரம்பத்தில் பசியைக் கொஞ்சம் குறைக்கவே செய்யும்.

அரைக் கிலோவா, இதற்கா இவ்வளவு என்று தோன்றும். சராசரி என்பது குளத்தின் ஆழம் மாதிரி, முழங்கால் அளவு என்று சொன்ன குளத்திலும் ஆள் மூழ்குகிற இடம் இருக்கும். ஒருவருக்கு ஒன்றும் ஏறாது, இன்னொருவருக்கு எட்டுக் கிலோ. கவுன்டரில் வந்து நிற்பது அந்த எட்டுக் கிலோக்காரர்தான். அதே ஆய்வில் என் கண்ணில் பட்டது வேறொரு எண். ஆறு மாத முடிவில் மருந்தை விடாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள், மருந்தைப் பொறுத்து, 28 முதல் 41 சதவீதம்தான். அங்கேயே பாதிப் பேர்கூடத் தாங்கவில்லை. குணமான பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டிய மருந்து இது.

அதனால் நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். யார் வந்தாலும், விருப்பம் இருந்தால், மிஷினில் ஏற்றி, டாக்டர் சீட்டின் பின்பக்கம் தேதியும் எடையும் பென்சிலில் குறித்துத் தருவேன். முடிந்தால் இடுப்பளவும். நம் ஊர் உடம்புக்குப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் ஆண்களுக்கு 90-ம் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பது கணக்கு. ஒரு டாக்டர் அந்தப் பென்சில் எழுத்தைப் பார்த்துவிட்டு, "மருந்துக்கடையில இருக்கறவங்க மருந்துக்கடை வேலையைப் பார்க்கச் சொல்லு" என்று சொல்லி அனுப்பினார். இன்னொருவர் அதன் கீழேயே தன் பேனாவால் அடுத்த மாத எடையை எழுதி அனுப்ப ஆரம்பித்தார். முதலாமவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். மருந்தை மாற்றச் சொல்வது என் வேலை இல்லை, சொன்னதும் இல்லை. ஆனால் எண்ணை எழுதி வைக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை.

ஆலைக்காரப் பெண்ணிடமும் அதைத்தான் சொன்னேன். "ஒரு நாள் விட்டுப் போடறதை டாக்டர்கிட்ட நீயே சொல்லு. திட்ட மாட்டார். சொல்லலைன்னா மருந்து கேக்கலைன்னு நினைச்சு டோஸை ஏத்திடுவார்."

"வெட்கமா இருக்குதுக்கா."

"சரி, வாயால சொல்லாதே. சீட்டைப் பின்பக்கமாத் திருப்பி டாக்டர்கிட்ட குடு."

அப்படியே டாக்டரிடம் கொடுத்தாள். பின்பக்கத்தில் 52, 55, 58, 61 என்று வரிசையாக இருந்தது. அதைப் பார்த்த டாக்டர் மிர்டாசபினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, செர்ட்ராலினைக் காலையில் ஆரம்பித்தார். முதல் வாரம் குமட்டல், வயிறு கலங்கல் என்று ஓடி வந்தாள். சாப்பிட்ட பிறகு போடு, ஒரு வாரம் பத்து நாளில் அடங்கிவிடும் என்றேன், அடங்கியது. தூக்கம் முன்னைப் போல அடித்துப் போட்ட மாதிரி வருவதில்லை, ஆனால் வருகிறது. ராத்திரி அடுப்படிப் பக்கம் போவதில்லை. எடை 52-க்குத் திரும்பவில்லை, 57-ல் நிற்கிறது. அது அவளுக்குப் பரவாயில்லை. இப்போதைய சண்டை மாமியாரோடு. இளைத்துவிட்டாளாம், அந்தப் பழைய மாத்திரையையே மறுபடி வாங்கி வரச் சொல்லி மகனை என் கடைக்கு அனுப்பினார். சீட்டு இல்லாமல் தர மாட்டேன் என்று திருப்பி அனுப்பினேன்.