இடுப்பை ஸ்கேன் எடுத்தார்கள், கட்டி இருந்தது நடு முதுகில்

அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்து ஏழு வாரம் ஆகிறது. நேற்று புளோக்குக்குக் கீழே இருக்கிற காப்பிக்கடை வரைக்கும் கைத்தடியோடு நடந்துபோய் ஒரு தே குடித்துவிட்டு வந்தார். பார்த்துக்கொண்டே நின்றேன். ஆனால் வீணாய்ப்போன அந்த ஆறு மாதத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 64 வயது, சர்க்கரை 15 வருடமாக இருக்கிறது. கால் மரத்துப்போகிறது என்று முதலில் சொன்னபோது, எல்லாரும் சர்க்கரை என்றார்கள். நானும் நம்பினேன். அம்மா தமிழில் சொன்னது என்னவோ வேறு: "கால் என்னோடது மாதிரியே இல்லப்பா", "வயித்தச் சுத்தி யாரோ புடவைய இறுக்கிக் கட்டின மாதிரி இருக்கு", "படுத்தாதான் முதுகு வலிக்குது, எழுந்து உட்கார்ந்தா பரவால்ல". நான்தான் கூடப் போய் மொழிபெயர்த்தேன். இவ்வளவையும் 'கால் மரப்பு, முதுகு வலி' என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டேன். வயிற்று இறுக்கத்தை வாயு என்று நினைத்துச் சொல்லவே இல்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்களோடு போனால் அவர்கள் சொன்னதை அப்படியே சொல்லுங்கள், சுருக்காதீர்கள்.

இங்கே சிங்கப்பூரில் அரசாங்க மருத்துவமனையில் தேதி தள்ளிக் கிடைத்ததால் பொறுக்க முடியாமல் தனியார் எலும்பு மருத்துவர் ஒருவரிடம் போனோம். அவர் இடுப்புக்கு மட்டும் எம்ஆர்ஐ எழுதிக் கொடுத்தார். முள்ளெலும்புகளுக்கு நடுவில் இருக்கிற வட்டு (டிஸ்க்) கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது, வயசானால் எல்லாருக்கும் இருப்பதுதான் என்று சொல்லி உடற்பயிற்சி சிகிச்சைக்கு அனுப்பினார். அந்த ஸ்கேனில் தப்பில்லை, எடுத்த இடம்தான் தப்பு. முதுகுத்தண்டுவடம் மேல் இடுப்போடு முடிந்துவிடும், அதற்குக் கீழே நரம்பு வேர்கள்தான் ஓடுகின்றன. நடு முதுகில் இருப்பது அந்தப் படத்தில் எப்படித் தெரியும்? இது எனக்கு அப்போது தெரியாது.

நான்கு மாதம் பயிற்சி செய்தும் நடை மோசமானது, சுவரைப் பிடிக்காமல் கழிவறைக்குப் போக முடியவில்லை. சரி, நரம்பு அறுவை மருத்துவரைப் பாருங்கள் என்று அதே தனியார் மருத்துவர் கடிதம் கொடுத்தார். அரசாங்க மருத்துவமனை முகப்பில் இருந்த பெண்மணி கடிதத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, இது தனியார் கடிதம், முழுக் கட்டணம்தான், மானியம் வேண்டுமானால் பலதுறை மருந்தகத்தில் (அரசாங்க பாலிகிளினிக்) போய் வாங்கி வாருங்கள் என்றார். அறிக்கைத் தாள் மட்டும் போதாது, படம் இருக்கிற சிடியும் வேண்டுமாம். சக்கர நாற்காலியில் அம்மாவைத் தள்ளிக்கொண்டு வந்தவனிடம் இதை முன்னாடியே போனில் சொல்லியிருக்கலாம், இரண்டு முறை அழைத்துக் கேட்டிருந்தேன். ஸ்கேன் மையத்துக்கு ஓடினால் சனிக்கிழமை மதியத்தோடு மூடிவிட்டார்கள். ஸ்கேன் எடுத்த அன்றே சிடியைக் கையில் வாங்கிவிடுங்கள்.

அந்த அலைச்சல்தான் அம்மாவைக் காப்பாற்றியது. திங்கட்கிழமை பலதுறை மருந்தகத்தில் இருந்தவர் சின்ன வயசு மருத்துவர். கடிதம் எழுதி வாங்கத்தான் போனோம், அவர் அம்மாவைப் படுக்கவைத்து முழங்காலில் சுத்தியலால் தட்டினார், கால் துள்ளியது. உள்ளங்காலில் கீறினார், பெருவிரல் மேலே போனது. சர்க்கரையால் வந்த மரப்பு என்றால் இந்தத் துள்ளல் குறைய வேண்டும், இப்படி அதிகமாக இருக்கக் கூடாது என்றார். அப்புறம் ஒரு குச்சியால் காலிலிருந்து மேலே குத்திக்கொண்டே வந்தார். தொப்புள் வரைக்கும் அம்மாவுக்குச் சரியாகத் தெரியவில்லை, அதற்கு மேலே சுரீர் என்றது. சிறுநீர் போவதில் சிரமமா என்று கேட்டபோதுதான், பத்து நாளாக முக்கி முக்கிப் போவதாக அம்மா வாயைத் திறந்தார். என்னிடம் சொல்லக் கூச்சமாம். அன்றே அவசரப் பிரிவுக்குக் கடிதம்.

முழு முதுகெலும்புக்கும் எம்ஆர்ஐ, நிறமூட்டும் ஊசி போட்டு. அங்கே இன்னொரு தடை, தாலிக்கொடி. எந்த உலோகமும் கூடாது என்கிறார்கள், அம்மா கழற்றவே மாட்டேன் என்று அழுகிறார். தாதி ஒருவர், தமிழ்ப் பெண், நூல் கட்டிக்கொள்ளலாமே அம்மா என்றார். தம்பி தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா) ஓடி மஞ்சள் கயிறு வாங்கி வந்தான், அப்பா கட்டிவிட்டார். மெட்டி மட்டும் கழலாமல் சோப்புத் தண்ணீரில் கால் மணி நேரம் போராடினோம். முன்னாடியே வீட்டில் கழற்றிவிட்டுப் போங்கள்.

எட்டாவது நெஞ்சு முள்ளெலும்பு மட்டத்தில், தண்டுவடத்தின் உறையிலிருந்து கிளம்பிய கட்டி. மெனிஞ்சியோமா என்றார்கள். மெதுவாக வளர்வது, நடுவயது தாண்டிய பெண்களுக்குத்தான் அதிகம், நடு முதுகில்தான் அதிகம். தண்டுவடத்தை ஒரு பக்கமாக நசுக்கித் தள்ளியிருந்தது. வீக்கம் குறைய ஸ்டீராய்டு கொடுத்ததில் சர்க்கரை 18 mmol/Lஐத் தாண்டி, இன்சுலின் போட வேண்டியதாயிற்று. சர்க்கரை உள்ளவர்கள் இதற்குத் தயாராக இருங்கள்.

ஆபரேஷன் ஐந்து மணி நேரம், முள்ளெலும்பின் பின்பக்கத்தைத் திறந்து எடுத்தார்கள். நல்லபடியாக முடிந்தது. திசுச் சோதனையில் முதல் தரம் (கிரேடு 1), புற்றுநோய் இல்லை, கதிர்வீச்சும் வேண்டாம். மெடிசேவ் சேமிப்பு, மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி போக மீதியைக் கட்ட முடியுமா என்று பயந்தோம், வார்டிலேயே மருத்துவச் சமூக ஊழியரைக் கேட்டுப் பேசியது உதவியது. டிஸ்சார்ஜ் ஆன பிறகு தேடாதீர்கள்.

முதுகு வலி படுத்தால் கூடுகிறது, மரப்பு மேலே ஏறுகிறது, நடை தள்ளாடுகிறது, சிறுநீர் கட்டுகிறது என்றால் இடுப்பு ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்பதோடு விடாதீர்கள். மரப்பு எங்கே தொடங்குகிறது என்று விரலால் தொட்டுக் காட்டி, அந்த மட்டத்தைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். சிறுநீர் கட்டிவிட்டால் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்க வேண்டாம், நேராக அவசரப் பிரிவு.

அடுத்த எம்ஆர்ஐ இன்னும் ஆறு வாரத்தில். படிவத்தில் எந்தப் பகுதி என்று போட்டிருக்கிறார்கள் என நானே படித்துப் பார்த்தேன். தாலிக்கொடியை மாட்டிவிடலாமா என்று அப்பா கேட்டார். "அந்த ஸ்கேனும் முடியட்டும்" என்று அம்மா மஞ்சள் கயிற்றோடுதான் இருக்கிறார்.