நடு இருக்கை

திருச்சியிலிருந்து கோடை விடுமுறைக்கு வந்திருந்த என் மாமனாருக்கு இங்கிலாந்தில் பார்க்கவேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது யார்க் நகரத்தில் உள்ள தேசிய ரயில்வே அருங்காட்சியகம். பொன்மலைப் பணிமனையில் ஃபிட்டராக வேலை பார்த்து, ஊட்டி மலை ரயிலின் எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டிய கை அவருடையது. பக்கிங்ஹாம் அரண்மனையை "சரி, பார்த்தாயிற்று" என்று இரண்டு நிமிடத்தில் முடித்துக்கொண்டார். லண்டன் ஹாரோவில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து யார்க் ஏறத்தாழ 200 மைல். மாமனார், மனைவி, நான், ஒன்பது வயது மகன், ஆறு வயது மகள் என ஐந்து பேரும் ரயிலில் போவதா, காரில் போவதா என்று முடிவெடுக்க எங்களுக்கு நான்கு மாலைகள் தேவைப்பட்டன.

ரயில் கட்சியின் தலைவர் யார் என்று சொல்லவேண்டியதில்லை. மனைவி முதல் நாளே 35 பவுண்டு கொடுத்துக் குடும்பச் சலுகை அட்டையை வாங்கிவிட்டாள். அதைக் காட்டினால் பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கும் குழந்தைகளுக்கு 60 விழுக்காடும் கட்டணம் குறையும். ஆனால் 5 முதல் 15 வயதுக்குள் ஒரு குழந்தையாவது கூட வந்தாகவேண்டும். பிறகுதான் பயணச்சீட்டின் விலையைப் பார்த்தோம். மலிவான முன்பதிவுச் சீட்டுகள் ஏறத்தாழ 12 வாரங்களுக்கு முன்பே விற்பனைக்கு வந்துவிடும். எங்களுக்கோ பத்து நாள்தான் மிச்சமிருந்தது. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்ற கணக்கிலேயே வளர்ந்து, கூட்டத்துக்கேற்பக் கட்டணம் ஏறும் பிரீமியம் தட்கலையே இன்னும் மன்னிக்காத மாமனார், ஒரே பெட்டியில் அடுத்தடுத்து உட்காரும் இருவர் ஒரே தூரத்துக்கு வெவ்வேறு தொகை கொடுத்திருக்கலாம் என்று கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். லண்டனிலிருந்து வழியிலுள்ள பீட்டர்பரோவுக்கு ஒரு சீட்டும், பீட்டர்பரோவிலிருந்து யார்க்குக்கு இன்னொரு சீட்டுமாக வாங்கினால் சில நேரம் குறைவாக வரும், ரயில் அங்கே நின்றாலே போதும், நாம் இறங்கக்கூட வேண்டாம் என்று நான் விளக்கியபோது, "மாப்பிள்ளை, இதைக் கண்டுபிடித்தவர் ரயில்வேயில் வேலை பார்த்தவரா, இல்லை ரயில்வேயை ஏமாற்றியவரா?" என்று கேட்டார். ரயில் அரை மணி நேரம் தாமதமானால் ஒருவழிக் கட்டணத்தில் பாதியும், ஒரு மணி நேரம் தாமதமானால் முழுவதும் திரும்பக் கிடைக்கும் என்ற ஏற்பாடு மட்டும் அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து நான் தேநீர் கொண்டுவரத் தாமதமானால்கூட நிமிடம் எண்ணத் தொடங்கினார்.

கார் கட்சியில் நான் ஒருவன்தான் என்றாலும் என் கையில் கணக்கு இருந்தது. இந்த நாட்டில் பெட்ரோலை லிட்டரில் விற்பார்கள், வண்டி கொடுக்கும் மைலேஜை மட்டும் கேலனில் சொல்வார்கள். இங்குள்ள கேலனோ நாலரை லிட்டருக்குச் சற்று அதிகம். கேலனுக்கு 40 மைல் என்றால், போக வர 400 மைலுக்குச் சுமார் 45 லிட்டர். சலுகை போக நின்ற ரயில் கட்டணம் அதைப்போல் நான்கு மடங்குக்கு மேல் இருந்தது. பணம் பேசியது, கார் வென்றது.

அந்தக் கணக்கில் நான் சேர்க்க மறந்தது நடு இருக்கையை. 12 வயது ஆகும்வரை, அல்லது 135 சென்டிமீட்டர் உயரம் வரும்வரை, குழந்தைகளுக்குத் தனி இருக்கை பொருத்தவேண்டும் என்பது இங்குள்ள சட்டம். மாமனாருக்கு முன்னிருக்கை என்பது நம் சட்டம். ஆகவே பின்னால், இரண்டு குழந்தை இருக்கைகளுக்கு நடுவே எஞ்சிய ஒரு சாண் இடத்தில், முழங்கால்களை மோவாய்க்குக் கொடுத்து, மடியில் புளியோதரைத் தூக்கோடு என் மனைவி உட்கார்ந்தாள். எம்1 நெடுஞ்சாலையில் சாலைப் பணி நடந்த இடத்தில் 50 மைல் வேகம்தான் என்று எழுதியிருந்தது. அங்குள்ள கேமராக்கள் இரண்டு இடங்களுக்கு இடையிலான சராசரி வேகத்தை அளப்பவை என்பதால், ஒன்றைக் கண்டதும் மெதுவாகி, தாண்டியதும் பறக்கும் நம் சாமர்த்தியம் எடுபடாது. நான்கு மணி நேரம் என்று வழிகாட்டிச் செயலி சொன்னது ஐந்தரை ஆயிற்று. யார்க் வந்து இறங்கியபோது மனைவி நிமிர்ந்து நிற்கவே சிறிது நேரம் பிடித்தது.

அருங்காட்சியகத்தில் குழந்தைகள் ஜப்பானியப் புல்லட் ரயில் பெட்டிக்குள் ஓடிவிட, மாமனார் 'மல்லார்ட்' எஞ்சின் முன்னால் செருப்பைக் கழற்றாத குறையாக நின்றார். 1938 ஜூலை 3 அன்று மணிக்கு 126 மைல், அதாவது 203 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிய நீல நிற எஞ்சின் அது. நீராவி எஞ்சின்களில் அந்தச் சாதனை இன்றும் அதனிடம்தான் இருக்கிறது. அதன் பெரிய சக்கரம் ஆறடி எட்டங்குலம். பக்கத்தில் நின்றபோது மாமனாரின் தலைக்கு மேலே ஒரு முழம் மிச்சமிருந்தது. இணைப்புத் தண்டின் மூட்டைக் குனிந்து பார்த்து, எண்ணெய் கசிகிறதா என்று தரையையும் பார்த்துவிட்டு, "சாதனை செய்த கையோடு இதன் நடு சிலிண்டர் பேரிங் உருகிப்போயிற்று, தெரியுமா? மெல்ல மெல்லத்தான் பீட்டர்பரோ வரை போய்ச் சேர்ந்தது. நடுவில் மாட்டியிருப்பதற்குக் காற்றும் படாது, கண்ணும் படாது. அதுதான் முதலில் சூடேறும்" என்றார்.

"ஆமாம் அப்பா, நடுவில் மாட்டியிருந்தால் அப்படித்தான்" என்றாள் என் மனைவி, என்னைப் பார்த்துக்கொண்டே.

ரயில் நிலையம் அருங்காட்சியகத்தின் பக்கத்திலேயே இருப்பது யார்க் நகரத்தின் சிறப்பு. அன்று அது எனக்கு அனுகூலமாக இல்லை. யார்க்கிலிருந்து லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம், அங்கிருந்து மெட்ரோபாலிட்டன் பாதையில் நேராக ஹாரோ என்று மனைவி சொல்ல, 1863இல் திறந்த உலகின் முதல் சுரங்க ரயில் பாதை அது என்று மாமனார் முன்மொழிந்து வழிமொழிந்துவிட்டார். வாங்கிய சலுகை அட்டையும் வீணாகக்கூடாதாம். அதற்கு வேண்டிய குழந்தையாக மகன் புறப்பட்டான். சீட்டின் விலையை மனைவி எனக்குச் சொல்லவில்லை. மறுநாள் வங்கிச் செயலி சொல்லியது.

தூங்கும் மகளோடும், எல்லாப் பைகளோடும், காலித் தூக்கோடும் நான் தெற்கே திரும்பினேன். ஷெஃபீல்டை நெருங்கும்போது, பீட்டர்பரோ தாண்டிவிட்டதாக ஸ்பீக்கரில் தகவல் வந்தது. லெஸ்டருக்கு அருகே மகளைக் கழிப்பறைக்கு அழைத்துச் சென்ற நேரத்தில் அவர்கள் கிங்ஸ் கிராஸில் இறங்கியிருந்தார்கள். நார்தாம்ப்டன் பக்கம், மறுபடியும் 50 மைல் பலகைக்குக் கீழே ஊர்ந்துகொண்டிருந்தபோது மூன்றாவது அழைப்பு வந்தது. "வாசலில் நிற்கிறோம். வீட்டுச் சாவி எங்கே?"

ஸ்டியரிங்குக்குக் கீழே, கார் சாவியோடு ஒரே வளையத்தில் அது ஆடிக்கொண்டிருந்தது.

சிறிது நேரம் மௌனம். பிறகு ஃபோன் கை மாறும் ஓசை கேட்டது. வாசற்படியில் உட்கார்ந்திருந்த மாமனார் நிதானமாகக் கேட்டார்: "மாப்பிள்ளை, வண்டி இப்போது எந்த ஊரில் இருக்கிறது? ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் முழுக் கட்டணமும் திரும்ப வரும் என்றீர்களே, அதை யாரிடம் வாங்கவேண்டும்?"