பக்கத்து நாற்காலியோடு பேச ஒரு சர்வர்

தீபாவளிக்கு மறுநாள் எங்கள் வீட்டு மாடியில் எட்டுக் கணினிகள், அவற்றை ஒன்றோடொன்று இணைக்க ஒரு ஸ்விட்ச், காலை இடறும் கேபிள்கள். நாலு பேருக்கு நாலு பேர், கவுண்டர் ஸ்டிரைக் 1.6 என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டம். முறுக்குத் தட்டோடு வந்த அம்மா, "ஒரே அறையில் இருந்துகொண்டு பேச மைக் எதற்குடா?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் "பின்பக்கமாக வருகிறான்" என்று கத்தினால், பின்பக்கமாக வருகிறவனுக்கும் அது கேட்டுவிடுமே!

போன வருடம் இணையவழிச் செயலி ஒன்றில் பேசினோம். ஒன்பது மணிக்கு நெட் போனது. வீட்டுக்குள்ளேயே இணைந்திருந்ததால் ஆட்டம் ஓடியது, எட்டுப் பேரும் ஊமைகள். அதனால் இந்த முறை என் பழைய லேப்டாப்பில் உபுண்டு இயங்குதளம் போட்டு, நெட் இல்லாமலே வீட்டுக்குள் குரலில் பேச உதவும் மம்பிள் சர்வரை நிறுவினேன். ஐபி முகவரியை மாறாதபடி வைத்து, மம்பிளுக்கு வாசல் போன்ற 64738 என்ற போர்ட் எண்ணோடு சேர்த்துச் சுவரில் எழுதி ஒட்டினேன். அணிக்கு ஒரு சேனல், அதாவது தனிப் பேச்சறை. முதல்முறை இணையும்போது சான்றிதழ் சரியில்லை என்று மம்பிள் மிரட்டும். சொந்த சர்வர்தானே, தைரியமாக 'யெஸ்' கொடுக்கலாம்.

உண்மையான தொல்லை அதற்குப் பிறகுதான். மூன்று மீட்டர் தள்ளி இருப்பவன் குரல் காற்றில் ஒன்பது மில்லிசெகண்டில் வந்துவிடுகிறது. அதே குரல் ஹெட்செட்டில் இன்னும் தாமதமாக வருகிறது. போதாததற்கு என் மைக்கும் அவன் பேசுவதைப் பிடித்து அனுப்புகிறது. கோயில் திருவிழாவில் நாலு குழாய் ஒலிபெருக்கிகளுக்கு நடுவில் நிற்பதுபோல் இருந்தது. குரல் கேட்டால் மைக் தானாகத் திறக்கும் அமைப்பை அணைத்துவிட்டு, விசையை அழுத்தினால் மட்டும் பேசும்படி எல்லோருக்கும் மாற்றினேன். மாமா மகன் அதற்குக் கன்ட்ரோல் விசையைத் தேர்ந்தெடுத்தான். ஆட்டத்தில் குனிவதற்கும் அதுதான். அவன் ஒளிந்து உட்கார்ந்த போதெல்லாம் அவன் முறுக்கு மெல்லும் சத்தம் அணி முழுவதற்கும் கேட்டது. மவுஸின் பக்கவாட்டுப் பொத்தான்தான் உத்தமம்.

கடைசியில் எதிரணியைப் படுக்கையறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினோம். இப்போது எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம் என்று கத்தினோம். 16-11 என்று தோற்ற பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன்: கதவுக்கு மேலே வென்டிலேட்டர் திறந்தே இருந்தது.